வர்ணம் பூச மூன்று விலைப்புள்ளிகள்: தொகையை ஒப்பிடும் முன் வேலையை ஒப்பிடுவது எப்படி?

வீட்டுக்கு வர்ணம் பூச மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்து விலை கேட்டால், மூவரும் பார்த்தது ஒரே வீட்டைத்தானா என்று ஐயம் எழும் அளவுக்குத் தொகைகள் விலகி நிற்பதுண்டு. நடுவில் இருப்பவர் கேட்ட தொகையை 100 என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 70 கேட்பார், மற்றொருவர் 130 கேட்பார். இந்த இடத்தில் பலர் குறைந்த தொகையை எடுத்துக்கொள்கிறார்கள்; அதில் தயக்கம் உள்ளவர்கள் இரு ஓரங்களையும் தள்ளிவிட்டு, நடுத்தொகையே பாதுகாப்பானது என்று நம்பி அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டுமே தொகையை மட்டும் பார்த்து எடுக்கும் முடிவுகள். உண்மையில் அந்த மூன்று தொகைகளும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கான விலைகளாகவே பெரும்பாலும் இருக்கும். ஒருவர் வீடு முழுவதும் பட்டி பார்ப்பதை, அதாவது சுவரை மட்டமாக்கும் மாவுப் பூச்சை, சேர்த்திருப்பார், ஒருவர் கதவு சன்னல்களை விட்டிருப்பார், ஒருவர் சுவரை அளக்காமல் தரைப்பரப்பை வைத்தே கணக்குப் போட்டிருப்பார். வேலையை ஒன்றாக்கிய பிறகுதான் விலையை ஒப்பிட முடியும். அதை எப்படிச் செய்வது, ஒப்பந்த முறைகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

சுவரின் நிலை

வர்ணப் பூச்சுச் செலவில் கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டு கை (இரண்டு தடவை அடிக்கும்) பெயிண்ட் மட்டுமே. அதற்கு முன்னால் பழைய பூச்சைச் சுரண்டுவது, விரிசலை அடைப்பது, பட்டி பார்ப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது, தூசியைத் துடைப்பது, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிப்பது என்று ஆள்கூலியை விழுங்கும் வேலைகள் வரிசையாக நிற்கின்றன. இவை எல்லாம் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடுவதால், செய்த சுவரும் செய்யாத சுவரும் வேலை முடிந்த அன்று ஒன்றுபோலவே தெரியும். பூச்சு உப்பி உரியத் தொடங்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். விலையைக் குறைத்துக் காட்ட நினைக்கும் ஒப்பந்தக்காரர் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான்.

ஆகவே யாரையும் அழைப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரே தம் சுவரைச் சோதித்து வைத்துக்கொள்வது நல்லது. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தால், அங்கே இருப்பது சுண்ணாம்பாகவோ டிஸ்டெம்பர் என்னும் மலிவான நீர்ப்பூச்சாகவோ சத்திழந்த பழைய பெயிண்டாகவோ இருக்கும். ஈரப் பஞ்சால் தேய்த்ததும் நிறம் கரைந்து வந்தால் அது பெரும்பாலும் டிஸ்டெம்பர்தான். இந்தப் பொடியின்மேல் நேராக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்தால், அது சுவரைப் பிடிக்காமல் பொடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். காய்ந்து இறுகும்போது பொடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏடு ஏடாகக் கழன்று வரும். பொடியில்லாத சுவரிலும் பழைய பூச்சு பிடிப்போடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கூரான கத்தியால் பெருக்கல் குறிபோல இரண்டு கீறல்கள் போட்டு, அதன்மேல் நல்ல ஒட்டுநாடாவை விரலால் அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்க வேண்டும். நாடாவின் அடியில் பெயிண்ட் சில்லுகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பகுதியை முழுவதுமாகச் சுரண்டியாக வேண்டும். கீறலின் ஓரங்கள் அப்படியே நின்றால், தேய்த்துவிட்டு மேலே அடிக்கலாம். பெயிண்டின் பிடிப்பை அறிய ஆய்வுக்கூடங்களில் செய்யும் சோதனையின் எளிய வடிவம் இது. வீட்டில் நாலைந்து இடங்களில் இதைச் செய்து பார்த்துவிட்டால், சுரண்டல் வேலை எவ்வளவு என்பது ஒப்பந்தக்காரர் வாயைப் பார்க்காமலேயே தெரிந்துவிடும்.

ஓதம் (சுவருக்குள் ஈரக்கசிவு) உள்ளதோ என்று ஐயம் எழும் இடத்தில் ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைத்து எடுக்க வேண்டும். தாளின் உட்புறம் நீர் முத்துக் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தாலோ, சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அங்கே முதலில் வரவேண்டியவர் கொத்தனாரோ குழாய் வேலை பார்ப்பவரோதான். பெயிண்டர் அதற்குப் பிறகு வந்தால் போதும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடாமல், “நல்ல வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்துவிடலாம், போய்விடும்” என்று சொல்லும் விலைப்புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுவருக்குள் இருக்கும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேற்பரப்பில் பூக்கும். அதன் வழியை மேலே மூடிய பெயிண்ட் அடைத்தால், உப்பு அதன் அடியிலேயே படிந்து பெயிண்டைத் தள்ளிவிடும்.

புதிய சிமெண்ட் பூச்சில் கவனிக்க வேண்டியது காலம். 28 நாள் பொறுத்திருப்பது பரவலான நடைமுறை. அதற்கு முன் காரத்தன்மை மிகுந்திருக்கும் சுவரில் எண்ணெய் வகைப் பெயிண்ட் அடித்தால், காரம் எண்ணெயோடு வினைபுரிந்து அதைச் சோப்புபோல் ஆக்கிவிடும். மிகப் பழைய வீடுகளில் கவலை வேறு. பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டிலேயே வீடுகளில் ஈயப் பெயிண்டைப் பயன்படுத்தத் தடை வந்தது. வேறு பல நாடுகளில் கட்டுப்பாடுகள் அதற்கு வெகு பின்னரே வந்தன. அத்தகைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசி, குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பெருந்தீங்கு விளைவிக்கும். சுவரை நனைத்துத் தேய்ப்பது, அறையைப் பிளாஸ்டிக்கால் அடைப்பது, சுரண்டிய கழிவைப் பத்திரமாக அகற்றுவது ஆகியவற்றுக்காக ஒருவர் கூடுதலாகக் கேட்டால், அந்தக் கூடுதல் நியாயமானது.

பட்டியும் பிரைமரும்

தொகைகள் விலகுவதற்கான மிகப் பெரிய தனிக்காரணத்தைச் சொல்லச் சொன்னால் நான் பட்டியைத்தான் சொல்வேன். சுவர் முழுவதும் இரண்டு கை பட்டி இழுத்துத் தேய்ப்பதற்கும், விரிசலும் ஆணித் துளையும் உள்ள இடங்களில் மட்டும் பட்டி வைத்துத் தேய்ப்பதற்கும் இடையே பொருளிலும் கூலியிலும் நாட்களிலும் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் விலைப்புள்ளியில் இரண்டுக்கும் “பட்டி வேலை உட்பட” என்று ஒரே சொற்றொடரை எழுதிவிடுகிறார்கள். ஏற்கெனவே பட்டி பார்த்து, பிடிப்போடு இருக்கும் சுவருக்கு மறுபடியும் முழுப் பட்டி தேவையில்லை; அங்கே அதைச் சேர்ப்பது வீண் செலவு. மேடுபள்ளம் தெரியும் சுவரில், அதுவும் பளபளப்பான பெயிண்ட் அடிக்கப்போகும் சுவரில், அதை விடுவது பொய்யான சிக்கனம். பளபளப்பு ஒவ்வொரு மேட்டையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். மங்கலான பூச்சு அவற்றை ஓரளவு மறைக்கும். எந்த அறைக்கு எது என்று அறைவாரியாக எழுதி வாங்குவதுதான் சரியான வழி. பட்டியின் வகையும் முக்கியம். வெள்ளைச் சிமெண்ட் கலந்த பட்டி வெளிச்சுவரிலும் நிற்கும். அக்ரிலிக் பட்டி பொதுவாக உட்சுவருக்கானது, மழை படும் இடத்தில் அதை வைத்தால் ஊறிக் கழன்றுவிடும்.

பிரைமரை விட்டுவிட்டு, அதற்குப் பதில் “ஒரு கை பெயிண்ட் கூட அடித்துவிடுகிறோம்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பட்டி பார்த்த சுவர் நீரை வேகமாக உறிஞ்சும்; பிரைமர் அந்த உறிஞ்சலை அடக்கி, மேலே வரும் பெயிண்டுக்குப் பிடிப்பும் ஒரே சீரான நிறமும் தருகிறது. பிரைமர் இல்லாவிட்டால் அதைவிட விலை கூடிய பெயிண்டைச் சுவர் குடித்துவிடும். பெயிண்ட் நிறுவனங்கள் தரும் உத்தரவாதமும் பொதுவாகத் தங்கள் அட்டவணைப்படி பிரைமரும் இரண்டு கை பெயிண்டும் அடித்த சுவருக்கே பொருந்தும்.

அளவு எப்படி எடுக்கப்பட்டது?

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லப்படும் விலை, எந்தச் சதுர அடி என்று தெரியாதவரை பொருளற்றது. 12 அடிக்கு 10 அடி அளவுள்ள, 10 அடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரைப்பரப்பு 120 சதுர அடி. நான்கு சுவர்களின் மொத்த நீளம் 44 அடி. ஆக, சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடியில் ஒரு கதவும், 4 அடிக்கு 4 அடியில் இரண்டு சன்னல்களும் இருந்தால் அவற்றின் பரப்பு 53 சதுர அடி, கழித்தால் 387. உட்கூரை 120. ஆக, பூச வேண்டிய பரப்பு 507 சதுர அடி. தரைப்பரப்பைப்போல் ஏறத்தாழ 4.2 மடங்கு. கதவு சன்னலைக் கழிக்காமல் அளந்தால் இதே அறை 560 சதுர அடியாகிவிடும்.

பெரிய கூடத்தில் இந்த மடங்கு குறையும். 20 அடிக்கு 15 அடி, உயரம் 10 அடி உள்ள கூடத்தில் சுவர் 700, உட்கூரை 300; திறப்புகளுக்கு 80 கழித்தால் 920 சதுர அடி. தரைப்பரப்பைப்போல் மூன்று மடங்கைச் சற்றே தாண்டுகிறது. எனவே, வீட்டின் தரைப்பரப்பை எடுத்து, எல்லா வீட்டுக்கும் ஒரே எண்ணால் பெருக்கிச் சொல்லும் மதிப்பீடு, சிறிய அறைகள் நிறைந்த வீட்டில் குறைவாகவும், பெரிய கூடங்கள் உள்ள வீட்டில் அதிகமாகவும் வரும். வேலை முடிந்து டேப் வைத்து அளக்கும்போது இறுதித் தொகை மாறுவது இதனால்தான். சன்னல் திறப்பைக் கழிக்காமல் விடுவது எப்போதும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். திறப்பின் பக்கவாட்டுச் சுவர்களைப் பூசுவதற்கும், ஓரம் வெட்டி அடிப்பதற்கும் அதை ஈடாக வைத்துக்கொள்வது பல இடங்களில் உள்ள பழக்கம். ஆனால் மூவருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். வீட்டுக்காரரே டேப் பிடித்து அளந்து, அறைவாரியான பரப்பை மூவரிடமும் கொடுத்து, இந்த அளவுக்கே விலை சொல்லுங்கள் என்று கேட்பது, ஒரு பொழுதில் முடிகிற, மிகுந்த பலன் தருகிற வேலை.

கதவு, சன்னல் சட்டம், கம்பி ஆகியவற்றை அளக்கும் முறைகள் வேறு. சிலர் எண்ணிக்கைக்கு விலை சொல்வார்கள், சிலர் பரப்புக்குச் சொல்வார்கள். கம்பியை ஒரு புறமா இரு புறமா, எத்தனை கை எனாமல் (எண்ணெய் வகைப் பெயிண்ட்), துரு சுரண்டி மெட்டல் பிரைமர் அடிப்பது உண்டா என்பதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயிண்டின் தரமும் அளவும்

விலைப்புள்ளியில் நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ஒரே நிறுவனம் பல தரங்களில் எமல்ஷன் விற்கிறது. தரத்துக்குத் தரம் விலை வெகுவாக மாறும். மலிவான தரத்தில், பெயிண்டைப் பிணைத்து நிறுத்தும் பிசின் குறைவாகவும் சுண்ணாம்புக்கல் மாவு போன்ற நிரப்பிகள் அதிகமாகவும் இருக்கும். பிசின் ஓர் அளவுக்குக் கீழே போனால் காய்ந்த படலத்தில் நுண்துளைகள் விழுந்து, அழுக்கு உள்ளே இறங்கும். துடைத்தால் பெயிண்டே தேய்ந்து வரும். இதை அளக்கத் தர அளவைகள் உண்டு. இஎன் 13300 என்ற ஐரோப்பியத் தரம், ஈரமாகப் பலமுறை தேய்த்தபின் படலம் எவ்வளவு தேய்ந்தது என்பதை வைத்து உட்சுவர்ப் பெயிண்டுகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. 200 முறை தேய்த்தபின் 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகத் தேய்ந்தால் முதல் வகுப்பு. குழந்தைகள் கை வைக்கும் சுவருக்கும் சமையலறைக்கும் தேய்ப்பைத் தாங்கும் தரம் தேவை. யாரும் தொடாத உட்கூரைக்கு அது தேவையில்லை. அதனால் பெயிண்டின் முழுப்பெயரையும் தரத்தையும் இடம்வாரியாக எழுதி வாங்க வேண்டும்.

நிறமும் விலையை மாற்றும். பெயிண்டுக்கு மறைக்கும் ஆற்றலைத் தருவது பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி. அடர்ந்த சிவப்பும் பளிச்சென்ற மஞ்சளும் கலக்கப்படும் அடிப்படைப் பெயிண்டில் அந்த வெள்ளை மிகக் குறைவு; ஆகவே பழைய நிறம் மறைய மூன்றாவது கை, சில நேரங்களில் நான்காவது கையும் தேவைப்படலாம். நிறத்தை முடிவு செய்யாமல் வாங்கிய விலை, நிறம் முடிவானதும் உயர்ந்தால் அதில் ஒப்பந்தக்காரரைக் குறை சொல்ல முடியாது.

இனி அளவு. ஒரு லிட்டர் பெயிண்டை ஈரமாக 100 மைக்ரான் தடிப்பில் பரப்பினால் 10 சதுர மீட்டர், அதாவது சுமார் 108 சதுர அடி வரும். மேலே கண்ட சிறிய அறையின் 387 சதுர அடிச் சுவருக்கு இரண்டு கை என்றால் 774 சதுர அடி. 108ஆல் வகுத்தால் 7 லிட்டருக்குச் சற்று மேல். சொரசொரப்பான சுவருக்கு இன்னும் கூடும். அந்த அறைக்கு 5 லிட்டர் என்று விலைப்புள்ளி சொன்னால், இரண்டில் ஒன்று நடக்கப்போகிறது: இரண்டாம் கை முழுமையாக இராது, அல்லது தண்ணீர் அதிகமாகக் கலக்கப்படும். கலப்பின் விளைவையும் கணக்கிடலாம். பெயிண்டின் கன அளவில் 40 விழுக்காடு திடப்பொருள் என்றால், 100 மைக்ரான் ஈரப் படலம் காய்ந்து 40 மைக்ரான் ஆகும். ஒரு லிட்டரில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அதே ஈரத் தடிப்பு காய்ந்ததும் 27 மைக்ரான்கூட இருக்காது. மூன்றில் ஒரு பங்கு பெயிண்ட் சுவருக்கு வரவே இல்லை. பார்வைக்கு மட்டும் இரண்டு கை அடித்தது அடித்ததுதான். டப்பாவின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக்கூடாது என்று எழுதிக்கொள்வதும், டப்பாக்கள் மூடி திறக்காமல் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்பதும் இதற்காகத்தான். காலி டப்பாக்களை வேலை முடியும்வரை ஓரிடத்தில் வைத்திருக்கச் சொன்னால், வாங்கிய லிட்டரை எண்ணிப் பார்த்துவிடலாம்.

எந்த ஒப்பந்த முறை?

இவற்றை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு ஒப்பந்த முறைகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் எங்கே ஆசை காட்டுகிறது, எங்கே ஆளைக் கவிழ்க்கிறது என்பது விளங்கும்.

பொருளும் கூலியும் சேர்த்து வீடு முழுவதுக்கும் ஒரே தொகை பேசுவது, செலவை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு நிம்மதி தரும். ஆனால் தொகை நிலையாக இருப்பதால், மிச்சப்படும் ஒவ்வொரு லிட்டரும் ஒவ்வொரு ஆள்நாளும் ஒப்பந்தக்காரரின் இலாபம். வேலையின் விவரம் எழுத்தில் இருந்தால் மட்டுமே இந்த முறை பாதுகாப்பானது. பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு விலை பேசுவதில் கணக்கு தெளிவாகத் தெரியும். சுரண்டலுக்கு ஒரு விலை, பட்டிக்கு ஒரு விலை, பிரைமருக்கு ஒரு விலை, பெயிண்டுக்கு ஒரு விலை என்று பிரித்துக் கேட்டால், எது எவ்வளவு என்று மூவரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அளவை முன்பே ஒப்புக்கொள்ளாவிட்டால் இறுதியில் தகராறு வரும் என்பது இதன் குறை.

கூலி மட்டும் பேசி, பொருளை நாமே வாங்கிக் கொடுப்பது மூன்றாவது. பெயிண்டின் தரத்தில் ஐயமே இராது. தண்ணீர் கலந்து மிச்சம் பிடிக்க யாருக்கும் காரணமும் இராது. ஆனால் வீணாகும் பெயிண்ட் பெயிண்டரின் பணமல்ல என்பதால் சிக்கனத்துக்கும் காரணம் இராது. பாதியில் பொருள் தீர்ந்தால் ஆட்கள் கை கட்டி நிற்க, நாம் கடைக்கு ஓட வேண்டும். முன்பு கலந்த நிறமும் பிறகு கலந்த நிறமும் இம்மியளவு வேறுபட்டால் அந்தப் பொறுப்பும் நம்முடையதே. பகலில் வீட்டில் இருக்கக்கூடியவர்கள் மட்டுமே இதை எடுப்பது நல்லது.

நான்காவது நாள்கூலி. முழு வேலைக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை, வேலை நீளும். ஆனால் ஒரு சூழலில் இதுவே நேர்மையான முறை. பழைய சுவரைச் சுரண்டும்போது அடியில் என்ன இருக்கிறது என்று தொடங்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. அங்கே உறுதியான தொகை கேட்டால், நல்ல ஒப்பந்தக்காரர் அச்சத்தில் கூட்டிச் சொல்வார். மற்றவர் குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதியில் கூடக் கேட்பார். அதனால், சுவரின் நிலை மோசமாக உள்ள வீட்டில் சுரண்டல், பழுது பார்த்தல் ஆகியவற்றை நாள்கூலியிலோ அளந்து தரும் விலையிலோ முடித்துவிட்டு, பட்டி முதல் கடைசிக் கை வரை உள்ள பகுதிக்குச் சதுர அடி விலை பேசுவதே எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. சுவர் நல்ல நிலையில் உள்ள வீட்டுக்கு அளவையும் விவரத்தையும் எழுதிக்கொண்டு ஒரே தொகை பேசுவதில் தவறில்லை.

மூன்று தொகைகளையும் ஒரே வேலைக்குக் கொண்டுவருதல்

தொடக்கத்தில் சொன்ன 70, 100, 130 ஆகிய மூன்றையும் இப்போது ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. முறையைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பவர் அளந்து, தேவையான அறைகளுக்கு மட்டும் முழுப் பட்டி, பிரைமர், இரண்டு கை பெயிண்ட், கதவும் கம்பியும், சாமான்களை நகர்த்தி மூடிச் சுத்தம் செய்வது வரை எல்லாவற்றுக்கும் 100 கேட்டிருக்கிறார். அதையே அளவுகோலாக எடுத்துக்கொள்வோம்.

70 கேட்டவர் சதுர அடி விலை சொல்லி, தரைப்பரப்பின் 3.5 மடங்கை வைத்து மதிப்பிட்டிருக்கிறார். வீட்டில் சிறிய அறைகளே அதிகம், அளந்தால் 4.2 மடங்கு வருகிறது. 4.2ஐ 3.5ஆல் வகுத்தால் 1.2, ஆகவே அவருடைய 70 என்பது அளந்த பரப்புக்கு 84. அவர் பிரைமரைச் சேர்க்கவில்லை, அதற்கு 8. கதவும் கம்பியும் தனி என்று கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கிறது, அதற்கு 13. சாமான் நகர்த்தலும் சுத்தம் செய்வதும் 3. மொத்தம் 108. 130 கேட்டவர் எல்லா அறைகளுக்கும் முழுப் பட்டி போட்டிருக்கிறார்; தேவையில்லாத அறைகளை நீக்கினால் 17 குறைகிறது. உட்கூரைக்கும் மிக உயர்ந்த தரத்தைப் போட்டிருக்கிறார். அதைச் சாதாரணத் தரமாக மாற்றினால் 8 குறைகிறது. அவருடைய தொகை 105. ஆக, 70, 100, 130 என்று நின்றவை ஒரே வேலைக்கு 108, 100, 105 என்று ஆகின்றன. மிகக் குறைவாகத் தெரிந்ததே மிக அதிகமாகிவிட்டது. எல்லா நேரமும் இப்படிப் புரண்டுவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இடைவெளி சுருங்குவது மிகவும் சாதாரணம், அப்படிச் சுருங்கியபின் ஐந்து அலகு வேறுபாட்டைவிட ஆளின் நம்பகத்தன்மையும் முந்தைய வேலையும் பெரிதாகிவிடும். வரி உள்ளடக்கமா தனியா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே சமன் செய்ய வேண்டும்.

ஒப்பந்தக்காரர் சொல்லும் காலமும் ஒரு சாட்சி. எத்தனை ஆட்கள், எத்தனை நாள் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். ஒருவர் மூன்று ஆட்களோடு பத்து நாள், அதாவது முப்பது ஆள்நாள் என்கிறார். இன்னொருவர் அதே வேலையை மூன்று ஆட்களோடு நான்கு நாளில் முடிப்பதாகச் சொல்கிறார் என்றால், பன்னிரண்டு ஆள்நாளில் இரண்டு கை பட்டியும் தேய்ப்பும் பிரைமரும் இரண்டு கை பெயிண்டும் எப்படி அடங்கும் என்று கேட்கத்தான் வேண்டும். ஆட்களைக் கூட்டினாலும் பட்டியும் பெயிண்டும் காயும் நேரத்தைக் குறைக்க முடியாது. வெளிச்சுவருக்கு இது இன்னும் பொருந்தும்: கழுவிய சுவர் உலர வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டாதிருப்பது நல்லது, மழை வரும் நாளில் அடிக்கக்கூடாது. வெளிச்சுவரில் சாரம் கட்டும் செலவு யாருடையது, உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பட்டையும் காப்பீடும் உண்டா என்பதும் விலைப்புள்ளியில் இடம்பெற வேண்டும். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் குறைந்த விலையைத் தேடுவது தகாது.

பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. தொடக்கத்தில் பொருள் வாங்குவதற்கு ஓரளவு, பட்டியும் பிரைமரும் முடிந்து நாம் பார்த்தபின் ஒரு பகுதி, முதல் கை முடிந்ததும் ஒரு பகுதி, எல்லாம் சரிபார்த்தபின் மீதி. கால் பங்குக்கு மேல் முன்பணம் கேட்பவரிடம் காரணம் கேட்பேன். பட்டி முடிந்த கட்டத்தில் பார்ப்பது மிக முக்கியம். அறையை இருட்டாக்கி, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்தால் மேடும் பள்ளமும் கீறலும் நிழல் விழுந்து தெரியும். பெயிண்ட் அடித்தபின் அதைச் சரிசெய்யச் சொல்வதைவிட அப்போதே சொல்வது அவருக்கும் எளிது. உரிதல், உப்புதல், நிறம் வெளிறுதல் ஆகியவற்றுக்கு எத்தனை காலம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்பதைத் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் உத்தரவாதம் பொருளுக்கானது, கைவேலைக்கு அது பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் தொகை கைக்கு மீறி இருந்தால், “கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று பொதுவாகக் கேட்பதைத் தவிர்க்கலாம். அப்படிக் கேட்டால் பெரும்பாலும் அவர் குறைப்பார். எதில் குறைத்தார் என்பதைச் சொல்ல மாட்டார். குறைக்க வேண்டியதை நாமே எடுத்துக் கொடுப்பது நல்லது. விருந்தினர் அறைக்கு இந்த ஆண்டு பெயிண்ட் வேண்டாம் என்று விட்டுவிடலாம். உட்கூரைக்கு ஒரு படி கீழான தரம் போதும். அடர்நிறத்தைக் கைவிட்டு வெளிர்நிறத்துக்கு மாறினால் ஒரு கை மிச்சமாகும். சாமான்களை நாமே நகர்த்தி, ஆணிகளைப் பிடுங்கி, திரைகளைக் கழற்றி வைத்தால் ஆட்களின் நேரம் மிச்சமாகும். ஆள்கூலி உயர்ந்த இடங்களில் மொத்தச் செலவில் கூலியே பெரும்பங்கு. அங்கே பெயிண்டின் தரத்தை வெகுவாகக் குறைத்துப் பெறும் மிச்சம் மிகச் சிறியது, அதே கூலியைச் சில ஆண்டுகளில் மறுபடியும் கொடுக்க நேரிடும். சுரண்டலையும் பிரைமரையும் மட்டும் எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்காமல், மற்றவற்றில் எதை நீக்கினோம் என்று விலைப்புள்ளியிலேயே அடித்துத் திருத்தி, இருவரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டபின் வேலையைத் தொடங்கச் சொல்லலாம்.